பூஜையில் வைத்த முள்ளெலி

என் மகள் படிக்கும் எந்தக் கதைப் புத்தகத்தையும் அவளுக்கு முன்னால் நான் படித்துவிடுவது வழக்கம். இதற்குத் தணிக்கை என்று பெயர் வைத்தவள் என் மனைவி. குழந்தைக்குக் கொடுக்கும் பாலைச் சூடு பார்த்துக் கொடுப்பதில்லையா, அது மாதிரிதான் இதுவும் என்று நான் சொல்வேன்.

"அவளுக்குப் பத்து வயசாகுதுங்க. இப்ப பாலே குடிக்கறதில்ல" என்பாள் அவள்.

இந்த வருஷம் சூடு பார்ப்பது சற்று அதிகமாகிவிட்டது என்பது உண்மை. ஜூலை மழைக்காலத்தில் மனைவிக்கு ஒரு ஆபரேஷன். பெரிய ஆபரேஷன்தான். எல்லாம் நல்லபடியாக முடிந்தது, டாக்டரே சிரித்துக்கொண்டு சொன்னார். இப்போது அவள் இந்த வங்காள ஊரின் டாலிகஞ்ச் மார்க்கெட்டில் மீன்கடைகளையெல்லாம் தாண்டிப் போய் முருங்கைக்காய்க்குப் பேரம் பேசும் அளவுக்குத் தேறிவிட்டாள். தேறாதவன் நான்தான். அவள் தும்மினால் கையிலிருக்கும் காப்பியைக் கீழே வைத்துவிடுகிறேன். "தும்மறதுக்கும் உங்ககிட்ட லீவ் லெட்டர் குடுக்கணுமா?" என்று கேட்கிறாள்.

அம்மா ஆஸ்பத்திரியில் இருந்தபோது மகள் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. ஸ்கூல் போனாள், வந்தாள், நான் செய்த ரசத்தைக் குறை சொல்லாமல் சாப்பிட்டாள். இந்தக் கடைசி விஷயம்தான் எனக்குப் பயமாக இருந்தது. குழந்தை மனசுக்குள் என்ன வைத்திருக்கிறாளோ. அதனால், அம்மாவுக்கு ஏதாவது ஆகிற கதை எதுவும் கொஞ்ச நாளைக்கு அவள் கண்ணில் படக்கூடாது என்று தீர்மானித்தேன். இது எவ்வளவு கஷ்டம் என்று சூடு பார்ப்பவர்களுக்குத்தான் தெரியும். குழந்தைகள் புத்தகங்களில் பாதிக்கு முதல் பக்கத்திலேயே அம்மா கிடையாது. குழந்தைகள் சாகசம் செய்ய வேண்டுமென்றால் முதல் வேலையாகப் பெற்றோரை அப்புறப்படுத்திவிட வேண்டும் என்று எழுதுகிறவர்களுக்குள் ஏதோ ஒப்பந்தம் இருக்கிறது.

அந்தச் சமயத்தில்தான் முள்ளெலிப் புத்தகம் வீட்டுக்கு வந்தது. மகளின் வகுப்பில் எல்லோரும் அதைத்தான் படித்துக்கொண்டிருந்தார்கள். தடிமனான இங்கிலீஷ் நாவல். குளிர்நாட்டுக் காடு, அதில் பேசும் பிராணிகள். காட்டின் நடுவே காலகாலமாக எரிந்துகொண்டிருந்த ஒரு விளக்கு அணைந்துவிடுகிறது, பனி இறங்குகிறது. அந்த விளக்கை மறுபடி ஏற்ற ஒரு முள்ளெலிக் குட்டி கிளம்புகிறாள். கூட ஒரு நரி, ஒரு ஆந்தை, பேட்ஜர் என்று ஒரு பிராணி. இதற்குத் தமிழில் என்ன பேர் என்று எனக்குத் தெரியவில்லை. நம் ஊரில் அதற்கு வேலை இருந்திருக்காது.

நல்லவேளையாக அம்மா முள்ளெலி இருந்தாள். அப்பா முள்ளெலியும் இருந்தார். எனக்கு அவரைத்தான் ரொம்பப் பிடித்தது. எதற்கெடுத்தாலும் பந்தாகச் சுருண்டுகொள்வார். ஆனால் சுருளுவதற்கு முன்னால் அவர் சொல்லும் ஒவ்வொரு வார்த்தையும் நியாயம். பனியில் போகாதே, நரியோடு சேராதே, ஈரத்தோடு உட்காராதே. இதில் என்ன தப்பு?

ஆபீஸிலிருந்து வந்ததும் தினமும் கொஞ்சம் கொஞ்சமாகப் படித்தேன். புத்தகம் பாதியில் ஒரு அத்தியாயம் வந்தது. குட்டிக்குக் காய்ச்சல். மருந்துப் பாசி ஆற்றுக்கு அந்தப் பக்கம். ஆற்றில் வெள்ளம். அம்மா முள்ளெலி தண்ணீரில் இறங்குகிறாள். மறு கரையில் அவள் ஏறியதை யாரும் பார்க்கவில்லை. அத்தியாயம் முடிந்தது.

மனைவி சாப்பிடக் கூப்பிட்டாள். மருந்துக்கடை ரசீது ஒன்றை அடையாளம் வைத்துப் புத்தகத்தை மூடினேன். மறுநாள் லீவு, காலையில் முதல் வேலையாக முடித்துவிடலாம் என்று நினைத்தேன்.

மறுநாள் சரஸ்வதி பூஜை.

காலையில் குளித்துவிட்டு வந்து பார்த்தால் மேஜையில் புத்தகம் இல்லை. பூஜை அலமாரி முன்னால் மணை போட்டு, பட்டுத் துணி விரித்து, மகள் புத்தகங்களை அடுக்கியிருந்தாள். கணக்கு, சயன்ஸ், பெங்காலி இலக்கணம் என்று அவளுக்குப் பிடிக்காத புத்தகங்கள் எல்லாம் அடியில். எல்லாவற்றுக்கும் மேலே முள்ளெலி. அட்டையில் இருந்த அம்மா முள்ளெலியின் நெற்றியில் மனைவி ஏற்கனவே சந்தனமும் குங்குமமும் வைத்துவிட்டிருந்தாள்.

"இதை ஏன் இங்க வெச்சே?" என்றேன்.

"படிக்கற புக் எல்லாம் வெக்கணும்னு அம்மா சொன்னா" என்றாள் மகள்.

"நீ இன்னும் படிக்க ஆரம்பிக்கவே இல்லையே. நான்தானே படிக்கறேன்."

"நீ படிக்கறதும் புக்தானே அப்பா."

எடுக்கக் கையை நீட்டினேன். சமையலறையிலிருந்தே மனைவியின் குரல் வந்தது. "பூஜைல வெச்சதை எடுக்கக்கூடாது. நாளைக்கு மறுபூஜை ஆனதும் எடுத்துக்கலாம். ஒரு நாள்ல அது எங்கயும் ஓடிடாது."

அவளுக்கு என்ன தெரியும். ஓடவில்லை, ஆற்றில் போய்விட்டாள் என்பதுதானே விஷயம்.

பால்கனிக்குப் போய் போனை எடுத்தேன். அந்த நாவலைப் படித்தவர்களின் அபிப்பிராயங்கள் இணையத்தில் குவிந்து கிடந்தன. இத்தனை பேரில் ஒருவராவது அம்மா முள்ளெலி பிழைத்தாளா இல்லையா என்று சொல்லியிருக்க மாட்டாரா என்றுதான் படிக்க ஆரம்பித்தேன்.

ஒருவர், அட்டையின் மூலை மடங்கி வந்ததால் ஒரே ஒரு நட்சத்திரம் கொடுத்திருந்தார். இன்னொருவர், முள்ளெலிகள் குளிர்காலம் பூராவும் தூங்குபவை, இதில் அவை பனியில் ஊர் சுற்றுகின்றன, குழந்தைகளுக்கு விஞ்ஞானம் எப்படி வரும் என்று வருத்தப்பட்டிருந்தார். நரி பேசுவதைப் பற்றி அவருக்குப் புகார் இல்லை. ஒரு அம்மா, இதைப் படித்ததிலிருந்து என் பையன் யாராவது திட்டினால் சுருண்டு தரையில் படுத்துக்கொள்கிறான், இதற்கு என்ன வைத்தியம் என்று கேட்டிருந்தார். பலர் அழுதிருந்தார்கள். ரயிலில் அழுதவர், ஆபீஸில் அழுதவர், பல் டாக்டரின் நாற்காலியில் அழுதவர். ஏன் அழுதார்கள் என்று ஒருவரும் சொல்லவில்லை. 'ஆறு வரும் அத்தியாயத்துக்குப் பிறகு என்னால் பேச முடியவில்லை' என்று எழுதிவிட்டு ஒருவர் இரண்டு பக்கம் பேசியிருந்தார், ஆற்றைத் தவிர எல்லாவற்றையும் பற்றி.

ஒரு விஷயத்தில் மட்டும் எல்லோரும் ஒற்றுமை. அப்பா முள்ளெலியை ஒருவருக்கும் பிடிக்கவில்லை. 'தொணதொணப்பு' என்றார் ஒருவர். 'வெள்ளத்தில் போயிருக்க வேண்டியது இவர்' என்றார் இன்னொருவர். எனக்குச் சுருக்கென்றது.

"என்னங்க, போன்ல படிக்கறதும் படிக்கறதுதான்" என்றாள் மனைவி, துணி உலர்த்த வந்தவள்.

"இது படிக்கறது இல்ல. பாக்கறது."

"கண்ணு போற வேகத்தைப் பாத்தா அப்படித் தெரியல."

போனைச் சட்டைப்பையில் போட்டேன். கீழே எங்கள் அடுக்குமாடி வளாகத்தின் பந்தலில் தாக் மேளம் அதிர்ந்துகொண்டிருந்தது. நமக்கு சரஸ்வதி பூஜை என்றால் இங்கே வங்காளிகளுக்கு நவமி. ஊரே துர்க்கையோடு இருக்கும் நாள். கீழே போனால் படித்தவர்கள் கிடைப்பார்கள் என்று தோன்றியது. கேட்பதற்குத் தடை இல்லையே.

மத்தியானம் போக் என்கிற பிரசாதச் சாப்பாட்டு வரிசையில் மகளின் வகுப்புத் தோழி தட்டோடு நின்றிருந்தாள். கிச்சடி வாங்கித் தருவதாகச் சொல்லிப் பேச்சுக் கொடுத்தேன். கதை எப்படி என்று வங்காளத்தில் கேட்டேன்.

"நரிதான் காகு பெஸ்ட். அதுக்கு ஸ்டைல் இருக்கு" என்றாள். இந்த ஊர்க் குழந்தைகளுக்கெல்லாம் நான் காகு, அதாவது சித்தப்பா.

"அம்மா முள்ளெலி?"

அவள் என்னைக் கொஞ்சம் பரிதாபமாகப் பார்த்தாள். "காகு, நீங்க இன்னும் முடிக்கலையா?"

"பூஜைல இருக்கு."

"அப்ப சொல்லக்கூடாது. முடிக்காதவங்ககிட்ட முடிவைச் சொல்லக்கூடாதுன்னு கிளாஸ்ல ரூல்." ஒரு கரண்டி கிச்சடியும் பொரித்த கத்திரிக்காயும் வாங்கிக்கொண்டு போய்விட்டாள்.

மிச்சம் இருந்தவர் தரைத்தளத்து தாதா. தாதா என்றால் வங்காளத்தில் அண்ணன். கல்லூரியில் பொருளாதாரம் நடத்தி ரிட்டயர் ஆனவர். அவர் மகனும் பேத்தியும் வெளிநாட்டில். பேத்தி என்ன படிக்கிறாளோ அதை இவரும் வாங்கிப் படித்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை போனில் அவளோடு விவாதிப்பார். பந்தலில் மின்விசிறிக்கு நேராக நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

"முள்ளெலியா? உட்காருங்க மொஷாய்" என்றார், ஐயா என்கிற மரியாதையோடு. உட்கார்ந்தேன். அது தப்பு.

அந்தக் காட்டில் விளக்குக்கு எண்ணெய் கொடுப்பது யார் என்று நான் யோசித்தேனா என்று கேட்டார். யோசிக்கவில்லை. அங்கேதான் விஷயமே இருக்கிறது என்றார். எலிகள் உழைக்கின்றன, பேட்ஜர் கணக்குப் பார்க்கிறது, ஆந்தை அறிக்கை விடுகிறது. நரி ஒரு நடுத்தர வர்க்கத்துச் சந்தர்ப்பவாதி. பனி என்பது பனியே அல்ல. இப்படிப் போய்க்கொண்டிருந்தது. நடுவில் டீ வந்தது, இன்னொரு டீ வந்தது. பக்கத்தில் இருந்தவர்கள் புத்தகத்தைப் படிக்காமலே இரண்டு கட்சியாகப் பிரிந்துவிட்டார்கள்.

"அப்பா முள்ளெலி?" என்று கேட்டேன், ஒரு நப்பாசையில்.

"கோழை" என்றார்.

"அம்மா முள்ளெலி ஆத்துல இறங்கறாளே தாதா. அப்புறம்?"

தாதா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "முதல் பாதி அற்புதம். பிற்பாதியைப் பற்றி நான் பேசுவதாக இல்லை" என்றார். "ஒவ்வொருவரும் தானாகவே அந்த ஆற்றைக் கடக்க வேண்டும்."

இவ்வளவு பேசுகிறவர் பேச மறுக்கிறார் என்றால் முடிவு எப்படி இருக்கும்?

அன்று பூராவும் மகளைக் கவனித்துக்கொண்டே இருந்தேன். பொரி சாப்பிட்டாள். பலூன் சுட்டாள். அவளிடம் அந்தப் புத்தகத்தை எப்படிக் கொடுக்காமல் இருப்பது என்று திட்டம் போட்டேன். பஸ்ஸில் தொலைந்துவிட்டது என்று சொல்லலாம். மணையில் இருப்பதை பஸ்ஸில் எப்படித் தொலைப்பது என்பதுதான் புரியவில்லை.

விஜயதசமி காலை. மனைவி மறுபூஜை முடித்துக் கற்பூரம் காட்டினாள். ஆளுக்கு ஒரு புத்தகம் எடுத்து ஒரு பக்கமாவது படிக்க வேண்டும் என்பது முறை. நான் முந்திக்கொண்டு முள்ளெலியின் மேல் கையை வைத்தேன். என் கைமேல் இன்னொரு கை.

"அப்பா, நீ இதைப் படிக்க வேண்டாம்" என்றாள் மகள்.

"நீதான் படிக்க வேண்டாம். அப்பா முதல்ல பாத்துட்டு..."

"நான் முடிச்சாச்சு."

"எப்போ?"

"அம்மா வீட்டுக்கு வந்து பெட்ல இருந்தப்போ. ஸ்கூல் விட்டு வந்து ரெண்டு பேரும் சேந்து படிச்சோம். நீ ஆபீஸ்ல இருந்தே. அது ஃப்ரெண்டோட புக். இதை அப்புறமா வாங்கினோம்."

மனைவியைப் பார்த்தேன். அவள் கற்பூரத் தட்டை மிகக் கவனமாகத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"உனக்கும் தெரியுமா?"

"நல்ல கதைங்க" என்றாள். "அந்த அப்பாதான் கொஞ்சம் ஓவர்."

"அந்த ஆறு..." என்றேன். மகளுக்கு முன்னால் அதற்கு மேல் எப்படிக் கேட்பது என்று தெரியவில்லை.

"அதைப் படிச்சப்போ அழுதேன்" என்றாள் மகள், வானிலை சொல்வது போல. "அம்மாகிட்ட எல்லாம் கேட்டேன். அம்மா தையலைக் காட்டினா. அப்புறம் மிச்சத்தைப் படிச்சோம்." கொஞ்சம் யோசித்துவிட்டு, "முந்தாநேத்து நீ அந்தச் சேப்டர் படிச்சப்போ உன் மூஞ்சி ஆஸ்பத்திரில இருந்த மாதிரியே ஆயிடுச்சு. அதான் பூஜைல வெச்சேன். அங்கேர்ந்து நீ எடுக்க மாட்டேன்னு" என்றாள்.

எனக்குச் சொல்வதற்கு இருந்ததெல்லாம் பனியில் போகாதே என்ற ரகத்தில்தான் இருந்தது.

மனைவி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "படிங்க. நாங்க இருக்கோம்" என்றாள்.

இரண்டு பேருக்கும் நடுவில் உட்கார்ந்து உரக்கப் படித்தேன். மூன்று அத்தியாயம் தாண்டி, எல்லோரும் கைவிட்ட பிறகு, ஒரு விடியற்காலையில் அம்மா முள்ளெலி வந்தாள். ஒரு பக்கத்து முட்கள் உதிர்ந்து போயிருந்தன, வாயில் பாசி. அப்பா முள்ளெலி அவளைப் பார்த்ததும் முதலில் கேட்ட கேள்வி, ஈரத்தோடு ஏன் நிற்கிறாய் என்பதுதான். அந்த வரியையே நான் மறுபடியும் படித்தேன். மகள் புத்தகத்தைப் பிடுங்கி மீதியைத் தானே படித்தாள். நரி வரும் இடங்களில் குரல் மாற்றினாள்.

சாயங்காலம் கீழே போனோம். துர்க்கையை வழியனுப்பும் நேரம். பெண்கள் ஒருவர் முகத்தில் ஒருவர் குங்குமம் பூசி விளையாடிக்கொண்டிருந்தார்கள். மனைவியையும் இழுத்துக்கொண்டு போனார்கள். மெதுவாக, இடித்துவிடாதீர்கள் என்று சொல்ல வாயைத் திறந்தேன். மகள் என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். வாயை மூடிக்கொண்டேன்.

தாதா அதே நாற்காலியில் இருந்தார். "முடித்துவிட்டீர்களா மொஷாய்?" என்றார்.

"முடிச்சுட்டேன்."

அவர் அக்கம்பக்கம் பார்த்தார். நாற்காலியை என் பக்கமாக நகர்த்தினார். குரலைத் தணித்துக்கொண்டு, "திரும்பி வருகிறாளா?" என்று கேட்டார்.

எனக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று. "நீங்க படிக்கலையா தாதா?"

"ஆறு வரைக்கும் படித்தேன். அதற்கு மேல் புரட்ட முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமை பேத்தி கேட்பாள்."

இணையத்தில் அழுதவர்களைப் போல நான் சுற்றி வளைக்கவில்லை. "வந்துடறா தாதா. பாசியோட வந்துடறா" என்றேன்.

தாதா தலையாட்டினார். கண்ணாடியைக் கழற்றினார். தசமியன்று கண் கலங்கினால் இந்த ஊரில் யாரும் காரணம் கேட்பதில்லை, அது அவருக்குச் சௌகரியமாக இருந்தது. துடைத்துக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"அப்படியானால் பிற்பாதி பலவீனம்" என்றார். "ஆசிரியர் சமரசம் செய்துகொண்டுவிட்டார்."