அடைத்து வைத்த குழாய்: வேலூரிலிருந்து ஜீவனஹள்ளிக்கு

2008 ஜனவரியில், ஒரு சனிக்கிழமை, வேலூரிலிருந்து பெங்களூருக்குக் காரில் போனேன். காரணத்தை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்: பொறாமை. கல்லூரித் தோழன் பிரபுவும் நானும் ஒரே மாடல் பெட்ரோல் கார் வாங்கி, ஒரே மாதிரி டர்போ பொருத்தியிருந்தோம். அவன் கார் எவ்வளவு விரட்டினாலும் புகை விடாது. என்னுடையது எண்ணூறு கிலோமீட்டருக்கு ஒரு லிட்டர் ஆயில் குடித்தது. சும்மா பார்த்துவிட்டுப் போக வருவதாக அவனிடம் சொன்னேன். அவன் பானெட்டுக்குள் என்ன இருக்கிறது என்று பார்ப்பதுதான் என் திட்டம்.

காலை 5.30க்குக் கிளம்பினேன். கிருஷ்ணகிரியில் பொங்கல், காபி, 32 ரூபாய். ஓசூர் தாண்டியதும் மேம்பால வேலை நடந்ததால் ஊர்ந்துதான் போக முடிந்தது. பிரபுவின் வீடு ஹெப்பகோடியில், 190 கிலோமீட்டர். சேரும்போது 9.50. வாசலில் நின்றவன் என் நீலப்புகையைப் பார்த்துவிட்டான்.

"என்னடா, கொசு மருந்து அடிக்கிற வண்டி மாதிரி வர்ற? வா, ரோஸ்லின் அக்காகிட்ட காட்டலாம்."

அக்கா அவனுடைய மெக்கானிக். பட்டறை ஜீவனஹள்ளியில், இன்னும் 25 கிலோமீட்டர், ஒன்றேகால் மணி நேரம். வழியெல்லாம் முன்னால் போன அவன் சைலன்சரையே பார்த்துக்கொண்டு போனேன். ஒரு இழை புகையாவது வராதா என்றிருந்தது. வரவில்லை.

அக்கா முதலில் அவன் காரைத் திறந்து காட்டினார். இன்ஜின் தலையிலிருந்து ஒரு ஹோஸ், அதன் முனையில் சின்ன அலுமினிய டப்பா.

"பிஸ்டன் ஓரமா கசியிற காத்து கீழ எறங்கி, ஆயிலயும் தூக்கிட்டுதான் சார் மேல வரும். ஆயில் இந்த டப்பாவுல தங்கிடும், காத்து மட்டும் போவும். அஷ்டே."

இவ்வளவுதானா என்று எரிச்சலாக இருந்தது. பிறகு என் கார். இரண்டே நிமிடத்தில் அவர் கை நின்றது. என் காரில் அதே ஹோஸின் வாயில் ஒரு போல்ட் செருகி, கிளாம்ப் போட்டு இறுக்கியிருந்தது.

"இத யாரு அடைச்சது? மூச்சு விட வழியில்லாம உள்ள பிரஷர் ஏறுது. டர்போலருந்து ஆயில் கீழ எறங்காம, சைலன்சர் பக்கம் போயி புகையுது."

அடைத்தது நான்தான். அந்த ஹோஸ் போய்ச் சேரும், இன்ஜின் காற்று உறிஞ்சும் குழாயில் ஆயில் படிகிறதே என்ற கோபத்தில் செய்தது. ஆனால் பக்கத்தில் பிரபு நின்றான். "எங்க ஊர் மெக்கானிக்" என்றேன்.

பிரபு உடனே போனை எடுத்தான். "நம்பர் குடு. இன்ஜினே போயிருக்கும். நானே கேக்கறேன்."

ஒன்பது வருடமாக என் வண்டிகளைப் பழுதில்லாமல் பார்த்துக்கொடுத்த மனிதர் அவர்.

"வேணாம்டா. நான்தான் அடைச்சேன்."

அக்கா கிளாம்பைக் கழற்ற ஆரம்பித்தார். பிரபு மெதுவாகச் சொன்னான்: "எனக்கும் மொதல்ல அடைக்கத்தான் தோணுச்சு. அக்கா விடல."

ஆறுதலுக்குத்தான் சொன்னான். எனக்குப் பொறாமை இன்னும் கூடியது. அவனைத் தடுக்க ஆள் இருந்தது.

டப்பா, ஹோஸ், கூலி எல்லாம் சேர்த்து 3,400 ரூபாய், மூன்று மணி நேரம். திரும்பும் வழியில் புகை இல்லை. வேலூரில் ஆயில் அளவு இம்மியும் குறையவில்லை.

போகிறவர்களுக்கு: ஓசூரைக் காலை எட்டுக்குள் தாண்டிவிடுங்கள். ஆயிரம் கிலோமீட்டருக்கு ஒருமுறை டப்பாவில் சேர்ந்ததைக் கொட்டுங்கள். ஆயில் வருகிறதென்று அந்தக் குழாயை மட்டும் அடைக்காதீர்கள்.

வழியெல்லாம் புகையே வரவில்லை என்பதைப் பிரபுவுக்குப் போன் செய்து சொல்ல எனக்கு நான்கு நாள் ஆனது.