பன்னிரண்டு கொக்கோக் கொட்டைகள்

கொக்கோக் கொட்டையை வைத்துக் கணக்குச் சொல்லிக்கொடுத்தது என் குற்றம்தான். அதை நான் அன்றைக்கும் மறுக்கவில்லை, இன்றைக்கும் மறுக்கவில்லை. ஆனால் அந்தக் குற்றத்துக்குத் தண்டனை யாருக்குக் கிடைத்தது என்று நினைத்தால், இத்தனை வருடம் கழித்தும் எனக்கு வயிறு எரிகிறது. கோபப்பட்டால் இரத்த அழுத்தம் கூடும் என்று டாக்டர் சொல்கிறார். கூடட்டும்.

அறுபதுகளின் நடுவில் நடந்தது இது. தோட்டங்கள் அப்போது கம்பெனிகளின் கையில் இருந்தன. மாத்தளைக்கு வடக்கே பஸ்ஸை விட்டு இறங்கி இரண்டு மைல்கட்டை தூரம் நடந்தால் வரும் ஒரு கொக்கோத் தோட்டத்தில் எனக்கு வாத்தியார் வேலை கிடைத்தது. பாடசாலை என்று அதைச் சொல்வது பெரிய மரியாதை. தகரக் கூரை, அரைச்சுவர், ஒரு கரும்பலகை, ஒன்று முதல் ஐந்து வரை எல்லா வகுப்புக்கும் நான் ஒருவன். பிள்ளைகள் சாணி மெழுகிய தரையில் உட்காருவார்கள். எனக்கு ஒரு கதிரை இருந்தது, அதிலும் மூன்று கால்தான் ஒழுங்கு. பாடசாலையும் தோட்ட மேலாளரான துரையின் பொறுப்பில்தான் நடந்தது. என்னை வேலைக்கு வைத்தவரும் அவர்தான், வேண்டாம் என்றால் அனுப்பிவிடக்கூடியவரும் அவர்தான்.

எனக்கு முன்னால் இருந்த வாத்தியார் வாய்பாட்டைக் கத்தப் பழக்கிவிட்டுப் போயிருந்தார். "ஓரெண்டு ரெண்டு, ஈரெண்டு நாலு" என்று பிள்ளைகள் ஆரம்பித்தால் எதிர் மலையில் கொழுந்து பறிப்பவர்களுக்குக்கூடக் கேட்கும். கேட்க நன்றாகத்தான் இருந்தது. முதல் நாள் நான் ஒரு பையனை எழுப்பி, வீட்டில் இரண்டு ஆடு இருந்தால் ஆட்டுக்கால் எத்தனை என்று கேட்டேன். அவன் கூரையைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், பிறகு மிகுந்த பணிவோடு சொன்னான்.

"எங்க வீட்டுல ஆடு இல்லைங்க, சேர்."

ஆபீசில் பெரிய கிளாக்கரிடம் இதைச் சொன்னபோது அவர் சிரிக்கவில்லை. "லயத்துப் புள்ளைகளுக்கு என்னத்தைச் சொல்லிக்கொடுத்தாலும் கணக்கு ஏறாதுங்க வாத்தியார். கையெழுத்துப் போடப் பழக்கிவிட்டாப் போதும்" என்றார். அவரும் தமிழர்தான். அந்தப் பிள்ளைகளின் தாய்மார் சிந்திய வேர்வையில்தான் அவருடைய மேசையும் மின்விசிறியும் வந்தன. எனக்கு வந்த ஆத்திரத்தில், இந்தப் பிள்ளைகளுக்குக் கணக்கு ஏற்றிக் காட்டாவிட்டால் என் பேரை மாற்றிக்கொள்கிறேன் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன்.

எண்ணிப் பழக ஒரு மணிச்சட்டம் வேண்டும் என்று ஆபீசுக்கு இரண்டு தரம் கடிதம் கொடுத்தேன். பதில் இல்லை. அப்போதுதான் எனக்குக் கொக்கோக் கொட்டை ஞாபகம் வந்தது.

நான் பல்லேபொலப் பக்கத்தில் பிறந்தவன். எங்கள் வீட்டு வளவில் மிளகுக் கொடிக்கும் பலா மரத்துக்கும் நடுவே ஏழெட்டுக் கொக்கோ மரங்கள் நின்றன. அணில் வந்து காயைக் கடித்துத் துளை போட்டு, உள்ளே இருக்கும் வெள்ளைச் சதையை உறிஞ்சிவிட்டுக் கொட்டையைக் கீழே துப்பிவிடும். அந்தக் கொட்டைகள் பிள்ளைகளின் விளையாட்டுச் சாமான். வாப்பா பறித்துக் காயப்போட்ட கொட்டையில் கை வைத்தால்தான் அடி விழும். அணில் போட்டதை யாரும் கேட்டதில்லை. தோட்டத்திலும் அப்படித்தான் இருக்கும் என்று நான் நினைத்தேன். நான் செய்த பிழை அவ்வளவுதான்.

பிள்ளைகளை மரத்தடிக்கு அழைத்துப்போய், அணில் போட்டதை மட்டும் பொறுக்கச் சொன்னேன். கழுவிக் காயவைத்து ஒரு பால்மா டின்னில் போட்டு வைத்தோம். அன்றிலிருந்து அந்தக் கொட்டகையில் கத்தல் நின்றது, சண்டை தொடங்கியது. நான் சொல்வது நல்ல சண்டை.

கூட்டலுக்கு இப்படி விளையாடுவோம். எல்லோரும் கண்ணை மூடிக்கொள்ள வேண்டும். நான் வெறும் டின்னுக்குள் ஒவ்வொரு கொட்டையாகப் போடுவேன். டக், டக், டக். கொஞ்சம் நிறுத்துவேன். பிறகு டக், டக். கண்ணைத் திறக்காமல் எத்தனை என்று சொல்ல வேண்டும். எத்தனை என்று நான் கேட்டதும் பயப்படாமல் சத்தமாகச் சொல்ல வேண்டும் என்பது விதி. பிழையாகச் சொன்னாலும் அடி கிடையாது, டின்னைக் கவிழ்த்து எண்ணிப் பார்க்கலாம். இரண்டு கிழமையில், கூரையைப் பார்த்துக்கொண்டிருந்த அதே பையன் எனக்கு முன்னால் விடை சொல்ல ஆரம்பித்தான்.

பெருக்கலுக்கு ஒரு கிழிந்த பாய். அதில் பன்னிரண்டு கொட்டைகளை, வரிசைக்கு நாலாக மூன்று வரிசை அடுக்குவேன். பாயின் தலைமாட்டில் ஒரு பிள்ளை, பக்கவாட்டில் ஒரு பிள்ளை. தலைமாட்டில் இருப்பது "மூணு வரிசை, நாலு நாலு" என்னும். பக்கவாட்டில் இருப்பது "இல்ல, நாலு வரிசை, மூணு மூணு" என்னும். இரண்டும் விட்டுக்கொடுக்காமல் அடித்துக்கொள்ளும். கடைசியில் இரண்டு பேரும் எண்ணிப் பார்த்துப் பன்னிரண்டில் வந்து முட்டி நிற்பார்கள். பதின்மூன்று கொட்டை கொடுத்தால், வரிசைக்கு இரண்டாகவோ மூன்றாகவோ நாலாகவோ எப்படி அடுக்கினாலும் ஒன்று தனியே நிற்கும். அதற்குப் பிள்ளைகளே ஒரு பெயர் வைத்தார்கள்: பெரட்டுக்குப் பிந்தினவன். காலையில் பெரட்டுக்கு, அதாவது ஆள் எண்ணி வேலை பிரிக்கும் இடத்துக்கு, நேரம் பிந்தி வருபவர்களை அன்றைக்கு வேலை இல்லை என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள் அல்லவா, அது.

இரண்டாம் வகுப்பில் ஒரு பெண்பிள்ளை இருந்தாள். ஏழு வயது. தகப்பன் இல்லை. தாய், கொக்கோக் கொட்டையைக் காயவைக்கும் ஸ்டோரில் வேலை செய்தாள். தாயின் பெயர் செக்ரோல் என்ற ஆள் பதிவேட்டில் இருக்கும் வரைதான், லயம் என்ற தொழிலாளர் வரிசை வீட்டில் அவர்களுக்கு அறையும் இருக்கும். அந்தப் பிள்ளை ஒரு நாள் சண்டை போடாமல் எழுந்து பாயைச் சுற்றி ஒரு முழு வட்டம் வந்தாள். பிறகு என்னிடம், "சேர், நான்தான் இடம் மாறுறேன், அது மாறவே இல்லைங்க" என்றாள். எனக்குப் பயிற்சிக் கலாசாலையில் யாரும் இவ்வளவு சுருக்கமாகப் பெருக்கலைச் சொல்லித்தந்ததில்லை. கிளாக்கரைக் கூட்டி வந்து இதைக் கேட்க வைக்க வேண்டும் போல் இருந்தது.

சந்தோஷத்தில் அவளுக்கு வீட்டுவேலை கொடுத்தேன். பன்னிரண்டு கொட்டையை இன்னும் எத்தனை மாதிரி வரிசையில் அடுக்கலாம் என்று பார்த்து வரச் சொன்னேன். டின்னில் இருந்ததை மற்றப் பிள்ளைகளுக்குக் கொடுத்து முடிந்திருந்தது. அதனால், போகிற வழியில் அணில் போட்டதைப் பொறுக்கிக்கொள் என்றும் நான்தான் சொன்னேன்.

மறுநாள் அவள் வரவில்லை. ஏன் என்று கேட்டேன். பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். கடைசியில் ஒருத்தி சொன்னாள்: "வாச்சர் புடிச்சிட்டாருங்க சேர். அவ அம்மாவுக்குப் பத்துச்சீட்டுக் குடுக்கப் போறாங்களாம்."

பத்துச்சீட்டு என்றால் வேலையிலிருந்து நீக்கும் கடிதம். அதைக் கொடுத்தால் அறையையும் காலி செய்ய வேண்டும். பாடசாலையைப் பெரிய பிள்ளை ஒருத்தியின் பொறுப்பில் விட்டுவிட்டு லயத்துக்கு ஓடினேன்.

தாய் வாசலில் நின்றாள். அழவில்லை. என்னைக் கண்டதும் வெடித்தாள்.

"ஏங்க வாத்தியாரய்யா, எம் புள்ளைக்குக் கணக்குதானே சொல்லிக்குடுக்கச் சொன்னேன்? கொக்கோ பொறுக்கவா சொல்லிக்குடுத்தீங்க?"

"அணில் போட்டதுதானே..."

"அணிலு போட்டதும் தோட்டத்துக்குத்தாங்க! அதைப் பொறுக்க தனியா ஆளு போட்டிருக்காங்க. இது உங்க வீட்டு வளவில்லீங்க. ஸ்டோர்ல வேலை செய்யிறவ நான். நான் எடுத்துக் குடுத்து இவ கொண்டுபோறான்னுதானே சொல்லுவாங்க?"

பிறகு நடந்ததைச் சொன்னாள். வாச்சர் வழிமறித்துச் சட்டை முனையில் என்ன முடிச்சு என்று கேட்டிருக்கிறார். கொக்கோ என்றிருக்கிறாள் பிள்ளை. எத்தனை என்று கேட்டிருக்கிறார். "பன்னெண்டு! மூணு நாலு பன்னெண்டு!" என்று சத்தமாகச் சொல்லியிருக்கிறாள்.

"இல்லேன்னு சொல்லக்கூடத் தெரியலை இவளுக்கு" என்றாள் தாய். பிள்ளை உள்ளே மூலையில் உட்கார்ந்திருந்தாள். காலில் பிரம்புத் தழும்பு. அடித்தது தாய்தான். என்னை அடித்திருக்க வேண்டும்.

தாயையும் கூட்டிக்கொண்டு ஆபீசுக்குப் போனேன். அவள் படிக்குக் கீழே நின்றாள். துரை வரும்வரை பெரிய கிளாக்கர் என்னோடு பேசினார். மேசையில் ஒரு கடதாசிப் பொட்டலம் இருந்தது. அதுதான் சாட்சி.

"சும்மா விளையாட்டுக்குப் பொறுக்கினதுன்னா சரியாப் பன்னெண்டு எப்படிங்க வரும்? எண்ணி எடுத்திருக்கு பாருங்க. எண்ணி எடுக்கிறதுதான் களவு."

"எண்ணச் சொன்னது நான்" என்றேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அதையும் யோசிச்சுச் சொல்லுங்க வாத்தியார். டவுன்ல களவுக் கொக்கோ வாங்குற கடையெல்லாம் உங்க ஆளுகளோடதுதானே? துரை வேற மாதிரி நினைச்சா உங்களுக்குத்தான் கரைச்சல்."

நான் முஸ்லிம் என்பதால் களவுச் சாமான் வாங்குகிறவன்! பன்னிரண்டு கொட்டை வாங்குகிற பெரிய வியாபாரி! அந்த மனிதனின் சட்டையைப் பிடித்து உலுக்காமல் இருந்தது நான் வாழ்க்கையில் செய்த கஷ்டமான காரியங்களில் ஒன்று.

துரை வந்தார். அவரும் நம் நாட்டுக்காரர்தான். வெள்ளைக்காரன் விட்டுப்போன கதிரையில் உட்கார்ந்து அவனைப் போலவே முழங்கால் வரை கால்மேஸ் போட்டிருந்தார். எனக்கு உட்கார இடம் கொடுத்தார். நான் சிங்களத்தில் எல்லாவற்றையும் சொன்னேன். பொறுக்கச் சொன்னது நான், பிள்ளையோ தாயோ குற்றம் செய்யவில்லை, தண்டனை எனக்கே தாருங்கள் என்றேன்.

அந்த விளையாட்டு எப்படி என்று காட்டு என்றார் அவர்.

பொட்டலத்தைப் பிரித்து மேசையில் பன்னிரண்டையும் அடுக்கினேன். துரை மேசையின் தலைப்பக்கம், கிளாக்கர் பக்கவாட்டில். மூன்று வரிசை என்றார் துரை. கிளாக்கர் தயங்கித் தயங்கி நாலு வரிசை என்றார். துரை எழுந்து வந்து கிளாக்கரின் பக்கத்திலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு உரக்கச் சிரித்தார். இரண்டாம் தரமும் விளையாடினார். அந்தப் பிள்ளையைக் குற்றவாளி ஆக்கிய அதே கொட்டைகளை அவர் விரலால் தள்ளித் தள்ளி அடுக்கி ரசித்தார். சிரிப்புச் சத்தம் படிக்குக் கீழே நின்ற தாய்க்குக் கேட்டிருக்கும். தப்பித்தோம் என்று அவள் நினைத்திருப்பாள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

அருமையான யோசனை என்றார் துரை. பாடசாலைக்கு ஒரு சாக்குக் கழிவுக் கொட்டை கொடுக்கச் சொல்லித் துண்டு எழுதிக் கையெழுத்திட்டு என்னிடம் நீட்டினார்.

"அந்த அம்மா?" என்று கேட்டேன்.

அவர் முகம் பழையபடி ஆனது. அது வேறு விஷயம் என்றார். சும்மா விட்டால் நாளைக்கு எல்லோர் பிள்ளையும் வீட்டுவேலை என்று சொல்லிக் கொட்டை சுமக்கும் என்றார். வாத்தியார் சொன்னதற்காகப் பத்துச்சீட்டு வேண்டாம், மூன்று நாள் வேலை கொடுக்காமல் நிறுத்தினால் போதும் என்று கிளாக்கரிடம் சொன்னார்.

பொறுக்கச் சொன்னவனுக்குக் கதிரையும் பாராட்டும் ஒரு சாக்குக் கொட்டையும். பொறுக்கியவளின் தாய்க்கு மூன்று நாள் பட்டினி. இதில் என்ன நியாயம் என்று அந்த மேசையில் அடித்துக் கேட்டிருக்க வேண்டும். துண்டைக் கிழித்து அவர் முன்னால் போட்டிருக்க வேண்டும். எனக்கும் வீட்டில் உம்மா, இரண்டு தங்கச்சிமார். நான் துண்டை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு "ஸ்துதி, மஹத்தயா" என்று நன்றி சொன்னேன். துரை மேலும் கிளாக்கர் மேலும் எனக்குள்ள கோபம் ஒரு பக்கம். அந்த நன்றியைச் சொன்ன வாய் மேல் உள்ள கோபம் அதைவிடப் பெரியது.

நான்காம் நாள் தாய் வேலைக்குப் போனாள், பிள்ளை பாடசாலைக்கு வந்தாள். சாக்கும் அன்றைக்குத்தான் வந்து சேர்ந்தது. பாயை விரித்து இரண்டு கை நிறையக் கொட்டையை அள்ளிக் கொட்டினேன். துரை கொடுத்தது, பயமில்லை, துண்டு இருக்கிறது என்று சொன்னேன். முன்பென்றால் ஒருவர் மேல் ஒருவர் விழுந்து பொறுக்குவார்கள். ஒரு கையும் நீளவில்லை. நானே பன்னிரண்டை எண்ணி, மூன்று வரிசையாக அடுக்கினேன். அந்தப் பிள்ளையைப் பார்த்து, என்னால் முடிந்த அளவு மெதுவாகக் கேட்டேன்.

"மூணு நாலு எத்தனை, மகள்?"

அவள் எழுந்து நின்றாள். இரண்டு உள்ளங்கையையும் விரித்து என் முன்னால் நீட்டினாள்.

"நான் எடுக்கலீங்க, சேர்."