மூன்று வீட்டுக்கு ஒரு ரிமோட்

நேற்று மத்தியானம் சாப்பாட்டு வேளையில் பக்கத்து மேசைப் பெண் கேட்டாள்: "சேச்சி, இப்போ என்ன பாக்கறீங்க?" நான் அவள் டப்பாவில் இருந்த கப்பைக் கிழங்கைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் கேட்டது அதை இல்லை. ஃபோனில் ஏதோ கொரியாக்காரர்கள் தொடராம், முடிக்காமல் வைக்கவே முடியவில்லையாம். எதிர் மேசைக்காரர் உடனே, அதெல்லாம் சும்மா, இதைப் பாருங்கள் என்று வேறொன்றைச் சொன்னார். நான் எதையுமே பார்க்கவில்லை என்றதும் இரண்டு பேரும் ஜுரக்காரியைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்கள். பார்க்கக் கூடாது என்று சபதமா எடுத்திருக்கிறேன்? வீட்டுக்குப் போய்க் குளித்து, கஞ்சி குடித்து, ஃபோனைக் கையில் எடுத்தால் படங்கள் வரிசைகட்டி நிற்கின்றன. இதுவா அதுவா என்று தள்ளித் தள்ளியே கட்டைவிரல் ஓய்ந்துபோகிறது. அப்படியே தூங்கிவிடுகிறேன்.

அந்த நேரம் பார்த்து எங்கள் ஆபீஸுக்குக் கீழே கிடங்கில் சுக்கு மூட்டையைப் பிரித்தார்கள் போல. நெடி மாடிக்கு ஏறியது. சுக்கு நெடி என்றால் எனக்கு எங்கள் லைன் வீடுதான். அதன் பின்னால் முன்பு சுக்குக் கிடங்கு இருந்தது. இப்போது அங்கே வெள்ளைக்காரர்கள் உட்கார்ந்து காப்பி குடிக்கிறார்கள். அந்தக் காலத்தில் துணி காயப்போட்டால் சுக்கு வாடை, தலை துவட்டினால் சுக்கு வாடை. ஜலதோஷம் மட்டும் யாருக்கும் குறைந்ததாக ஞாபகமில்லை.

ஒட்டி ஒட்டி மூன்று வீடுகள். முதல் வீடு சொர்ணத்தக்கா, நடுவில் நான், மூன்றாவதில் அக்காவின் மகள் ரம்யா. கேபிள் பெட்டி ஒன்றுதான், அது அக்கா வீட்டில். அங்கிருந்து வயரைப் பிரித்து மற்ற இரண்டு வீட்டுக்கும் இழுத்திருந்தோம். அதனால் அக்கா எந்தச் சேனலை வைக்கிறாளோ அதுதான் மூன்று டிவியிலும் ஓடும். எங்களால் முடிந்ததெல்லாம் சத்தத்தைக் கூட்டலாம், குறைக்கலாம். அதற்கு மேல் ஜனநாயகம் கிடையாது.

ரம்யா மூன்றாவது வீட்டுக்குப் போனது ஒரு கூத்து. அங்கே குடியிருந்த ஆட்டோக்காரப் பையன் சஜியை, மலையாளி, அம்மாவிடம் மூச்சுவிடாமல் ரிஜிஸ்டர் கல்யாணம் செய்துகொண்டாள். ஓடிப்போகிறவள் அக்கரையில் இருக்கும் வைப்பினுக்காவது போகக் கூடாதா? பத்தடி தள்ளி வந்து குடும்பம் நடத்தினாள். அக்கா கார்ப்பரேஷனில் தெருக் கூட்டி, ஒண்டியாக வளர்த்த பெண். "இனி அவ மொகத்துலயே முழிக்க மாட்டேன்" என்றாள். சொன்னபடி, குழாயடியில் எதிரே வந்தாலும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

ஆனால் வயரைப் பிடுங்கவில்லை. ஏனக்கா என்று கேட்டேன். "புடுங்கினா சுவரு பேந்துடும்டி. வீட்டுக்காரன் கத்துவான்" என்றாள்.

அப்புறம் ஆரம்பித்தது என் தபால்காரி உத்தியோகம். ரம்யா என் அடுக்களை ஜன்னலில் வந்து நிற்பாள். "சேச்சி, எட்டு மணிக்குப் பாட்டுப் போட்டி. இன்னிக்கு நம்ம பக்கத்தூரு கும்பளங்கிக் குட்டி பாடுது. வைக்கச் சொல்லுங்களேன்." நான் போய்ச் சொன்னால் அக்கா சீறுவாள். "பாட்டாம் பாட்டு! கொரவளையப் புடிச்சாப்ல கத்துதுங்க. நான் என் சீரியலத்தான் பாப்பேன்." எட்டு மணிக்குச் சொல்லிவைத்தாற்போல மூன்று வீட்டிலும் பாட்டு ஓடும். "சீரியல் போரடிக்குதுடி" என்பாள் மறுநாள், நான் கேட்காமலே. கோபம் மிஞ்சிய நாட்களில் பாட்டின் நடுவே சட்டென்று சேனலை மாற்றுவாள். மூன்றாவது வீட்டிலிருந்து "அய்யோ, சேச்சீ!" என்று அலறல் வரும். அதைக் கேட்டு, திருப்தியாகத் திரும்பப் பாட்டையே வைப்பாள்.

சீரியல் ஓடும்போது இன்னும் மோசம். "அந்தம்மா கொஞ்சம் எறங்கி வந்தா கொறஞ்சா போயிடுவாங்க, சேச்சி?" என்று அங்கிருந்து ஒரு குரல். "மொதல்ல வீட்ட விட்டுப் போனது யாருன்னு கேளுடி!" என்று இங்கிருந்து ஒரு குரல். நான் ஒரு மண்டூகம், கதையைத்தான் பேசுகிறார்கள் என்று நினைத்து, "இந்த வாரம் சேந்துடுவாங்கக்கா" என்று நடுவிலிருந்து கத்துவேன். இரண்டு பக்கமும் அமைதியாகிவிடும்.

ஒருநாள் எட்டு மணிக்குப் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. சட்டென்று சேனல் மாறியது. அலறல் இல்லை. திரும்பப் பாட்டு வந்தது, மறுபடியும் மாறி மறுபடியும் வந்தது. மூன்றாவது வீட்டில் மூச்சில்லை. "என்னடி, அங்க சத்தத்தையே காணோம்?" என்றாள் அக்கா சுவருக்கு அந்தப் பக்கமிருந்து. தெரியலக்கா என்றேன். கொஞ்ச நேரத்தில் செருப்புச் சத்தம் என் வாசலைத் தாண்டிப் போனது. எட்டிப் பார்த்தேன். அக்கா கையில் ரிமோட்டோடு மகள் கதவைத் தட்டிக்கொண்டிருந்தாள்.

ரம்யா திறந்தாள். இரண்டு காதிலும் வயர். சஜி புது ஃபோன் வாங்கிக் கொடுத்திருந்தான்.

"டிவி கெட்டுப் போச்சா?" என்றாள் அக்கா. கல்யாணத்துக்குப் பிறகு மகளிடம் பேசிய முதல் பேச்சு.

"இல்லம்மா. ஒரு வாரமா இதுலதான் பாக்கறேன்."

அக்கா அந்த ஃபோனையே பார்த்தாள். "அப்போ ஒரு வாரமா நான் யாருக்குடி வச்சிட்டிருந்தேன்?"

ரம்யா காதிலிருந்ததைக் கழற்றிவிட்டு, கதவை விட்டு ஒதுங்கி நின்றாள். அக்கா உள்ளே போனாள். எனக்கு அழுகை வந்துவிட்டது, சந்தோஷத்தில்தான். ரிமோட் அவளோடு போய்விட்டதால் என் வீட்டில் வெகுநேரம் அந்த ஒரே சேனலின் சோப்பு விளம்பரமும் பாட்டும் மாறி மாறி ஓடிக்கொண்டிருந்தன.

அம்மாவும் மகளும் சேர்ந்தாயிற்று. நல்லது. என் உத்தியோகம் போனது. கொஞ்ச நாளில் கேபிள் பெட்டியும் பழுதானது, சரிசெய்ய வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. இப்போது சாயங்காலமானால் இரண்டு பேரும் மூன்றாவது வீட்டில் ஃபோனைச் சுவரில் சாய்த்துவைத்து, ஆளுக்கொரு காதில் வயரை மாட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறார்கள். எனக்குப் பாட்டும் கேட்பதில்லை, வசனமும் கேட்பதில்லை. அவர்கள் சிரிப்பது மட்டும் கேட்கிறது.

போன வாரம் பொறுக்க முடியாமல் சுவரைத் தட்டி, "என்னடி பாக்கறீங்க?" என்று கேட்டேன். "லிங்க் அனுப்பறேன் சேச்சி" என்றாள் ரம்யா. அனுப்பினாள். கட்டிலில் படுத்துக்கொண்டு முழுதும் பார்த்தேன். அவர்கள் சிரித்த இடம் எதுவென்று எனக்குத் தெரியவில்லை.