சுங்கம் கட்டிய சாலையில் ஒரு குழி, குழிக்கு எதிரே ஒரு தறி

ஐப்பசி மழை கொஞ்சம் ஓய்ந்த ஒரு சனிக்கிழமை காஞ்சிபுரம் போய்வந்தேன். அக்கா மகளுக்குக் கல்யாணம். முகூர்த்தப் புடவையைத் தாய்மாமன் எடுத்துத் தர வேண்டும் என்பது எங்கள் வீட்டு வழக்கம். கடையில் வாங்காமல் நெசவாளரிடமே சொல்லி நெய்து வாங்கலாம் என்று பெருமைக்காக ஆரம்பித்து வைத்தவன் நான்தான். கல்யாணத்துக்கு இரண்டு வாரம்கூட இல்லை, புடவை இன்னும் தறியில் இருந்தது. நெசவாளர் ஏகாம்பரத்தைப் போனில் பிடித்தேன்.

"வாங்க சார். ஆனா ரெண்டு மணிக்கு மேல வாங்க. அதுக்கு முன்னால தறிய வுட்டு எழுந்துக்க முடியாது" என்றார். பெரிய கலெக்டர் ஆபீஸ் என்று நினைத்துக்கொண்டேன்.

போரூரிலிருந்து காலை ஆறரைக்குக் கிளம்பினேன். காஞ்சிபுரத்துக்கு அறுபது கிலோமீட்டர் சொச்சம். நல்ல சாலையென்றால் ஒன்றேகால் மணி நேரம். நல்ல சாலையென்றால் என்பதை அடிக்கோடிட்டு வாசிக்கவும். ஸ்ரீபெரும்புதூர் வரை பாதி தூரம் வேலை நடக்கிறது என்று பலகை, மீதி தூரம் வேலை நடக்கவில்லை என்று பள்ளம்.

சுங்கச்சாவடியில் என் ஃபாஸ்டேக்கை இயந்திரம் படிக்க மாட்டேன் என்றது. கணக்கில் பணம் இருக்கிறது, கண்ணாடியில் அட்டை இருக்கிறது, ஆனாலும் தப்பு என்னுடையதாம். இரு மடங்கு கட்டு என்றார்கள். கட்டினேன். கவுண்ட்டரில் இருபத்திரண்டு, இருபத்துமூன்று வயதுப் பெண். சீட்டைக் கொடுத்துவிட்டு, தலையை வெளியே நீட்டிச் சொன்னாள்: "சார், லெஃப்ட்ல போவாதீங்க. மூணு கிலோமீட்டர் தாண்டி பெரிய குழி இருக்குது. மெதுவா போங்க."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "குழி இருக்கிறது தெரியுது, மூடத் தெரியலையா? பராமரிப்புன்னு வாங்குற காசெல்லாம் எங்கம்மா போகுது?"

"மெதுவா போங்க சார்" என்று மறுபடியும் அதையே சொன்னாள்.

வீறாப்பாக இடது பக்கமே போனேன். ஒரு லாரியை முந்தும் அவசரத்தில் குழியில் இறங்கினேன். குழியென்றால் குளம். டயரின் பக்கவாட்டில் முட்டைபோல ஒரு வீக்கம். காஞ்சிபுரம் பஸ் நிலையம் அருகே கடை திறக்கப் பதினோரு மணிவரை காத்திருந்து டயர் மாற்றினேன், நாலாயிரத்து முந்நூறு. சுங்கம் தனி.

டயர் மாற்றி, இட்லி சாப்பிட்டு முடிக்கையில் கோயில்களில் நடை சாத்தும் நேரம் வந்துவிட்டது. ஓரிக்கை மணிமண்டபம் வரை போய்த் திரும்பியும் பொழுது போகவில்லை. ஒன்றேகால் மணிக்கே ஏகாம்பரம் சொன்ன அடையாளத்தைப் பிடித்துப் போனேன். வந்த சாலையிலேயே சென்னைப் பக்கம் எட்டு கிலோமீட்டர். சர்வீஸ் ரோட்டை ஒட்டி ஓட்டு வீடு. எதிரே பார்த்தால், காலையில் நான் விழுந்த அதே குழி.

ஏகாம்பரம் குழித்தறியில் இடுப்புவரை இறங்கி உட்கார்ந்திருந்தார். கரையை வேறு நிறத்தில் கோக்கிற கொர்வை வேலைக்கு இரண்டு பேர் வேண்டும். மறு ஓரத்தில் அவர் மனைவி வள்ளி. இருவரும் என்னை ஏறிட்டுக்கூடப் பார்க்கவில்லை. வள்ளி மட்டும் கையால் உட்காரச் சொன்னார்.

ஒரு டிரெய்லர் வேகமாக வந்து குழியில் விழுந்தது. தரை அதிர்ந்தது என் பாதங்களிலேயே தெரிந்தது. ஏகாம்பரத்தின் கால் மிதிக்கட்டையில் வழுக்கியது. வள்ளி, நெய்ததை இழை இழையாகப் பிரிக்க ஆரம்பித்தார்.

"அது நின்னு கேட்டிருக்காதுமா" என்றார் ஏகாம்பரம்.

எனக்கு விளங்கவில்லை. வள்ளிதான் சொன்னார். "எம் பொண்ணு டோல்கேட்ல வேல செய்றா சார். காலைல ஆறுலருந்து ரெண்டு வரைக்கும் ஷிப்ட்டு. போற வண்டிக்கெல்லாம் குழி இருக்குது மெதுவா போன்னு சொல்லிகினே இருப்பா. அவ இருக்கற நேரத்துலதான் கொர்வ போடுவோம். அதுக்கப்புறம் வண்டிங்க தடதடன்னு வுழும். கால் தப்பினா டிசைன் தப்பிடும்."

காலையில் நான் யாரிடம் கத்தினேன் என்பது அப்போதுதான் உறைத்தது. வெட்கமாக இருந்தது.

குழியை ஏன் நீங்களே மூடவில்லை என்று கேட்டேன். மூடினார்களாம். தெருவில் வீட்டுக்கொரு சட்டி ஜல்லி, சிமெண்ட். இந்த ஊர்க்காரர்கள் தறியில் புதுப் பாவு நூல் பூட்டவே நல்ல நேரம் பார்ப்பவர்கள் அல்லவா? குழி மூடவும் பார்த்தார்கள். நல்ல நேரம் காலை ஒன்பதேகாலுக்கு வந்தது, கம்பெனி பஸ்களும் அந்நேரம்தான் வந்தன. கற்பூரம் காட்டி, சிமெண்டைப் போட்டு, காயும்வரை யாரும் ஏறாதிருக்கக் குறுக்கே பழைய தறிக்கட்டையை வைத்துச் சிவப்புத் துணி கட்டியிருக்கிறார்கள்.

"அரை மணி நேரத்துல ரோந்து வண்டி வந்துட்ச்சி சார்" என்றார் ஏகாம்பரம். "ரோட்டு மேல கை வெச்சா கேஸுன்னான். கட்டைய தூக்கிப் போட்டான். அடுத்த பஸ்ஸு ஈர சிமெண்ட்டு மேலயே ஏறிட்ச்சி. இப்ப முன்னவுட மோசம்."

குழிக்கு மாதக்கணக்கில் வராத வண்டி, குழியை மூடியதற்கு அரை மணியில் வந்திருக்கிறது. நிர்வாகம் இல்லை என்று யாரும் சொல்லாதீர்கள், அது எதற்காக இருக்கிறது என்று மட்டும் கேளுங்கள்.

போனை எடுத்துக் குழியைப் படம் பிடித்தேன். புகார் கொடுக்கிறேன், பிளாக்கில் போட்டுக் கிழிக்கிறேன் என்றேன். வள்ளி எழுந்து வந்து என் கையைப் பிடிக்காத குறை. "வோணாம்பா. ஊரு பேரு போட்டா எம் பொண்ணுதான் சொல்லிக் குடுத்தான்னு வேலைய வுட்டு நிறுத்திடுவாங்க. ஏற்கெனவே வண்டிய நிக்கவெச்சி இன்னா பேச்சுன்னு சூப்பர்வைசர் திட்டிகினு இருக்கான்."

படத்தை அழித்தேன். இந்தப் பதிவில் ஊர்ப்பெயரும் சுங்கச்சாவடியின் பெயரும் இல்லாததற்கும், ஆட்களின் பெயரையும் தூரக் கணக்கையும் மாற்றியதற்கும் காரணம் இதுதான். சாலை கெடுக்கும் தறிக்குச் சோறு போடுவதும் அதே சாலையின் சம்பளம். என் கோபத்தை நான் எங்கே கொண்டுபோய் வைப்பது?

சுவர்க் கடிகாரத்தில் மணி இரண்டானது. முந்தானைக்கு இன்னும் ஒரு முழம் இருந்தது. ஏகாம்பரம் ஊடிழை ஓட்டும் நாடாவைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார். "இப்ப பேசலாம் சார். பொண்ணு ஷிப்ட்டு முடிஞ்சிட்ச்சி."

புடவை புதன்கிழமை கிடைக்கும் என்றார். கிடைக்கலாம். அந்தப் பெண்ணை இரவு ஷிப்ட்டுக்கு மாற்றாமல் இருக்க வேண்டும்.

போகிறவர்களுக்கு: கோயில்கள் பகல் பன்னிரண்டரையிலிருந்து நான்கு வரை சாத்தியிருக்கும், அதற்கேற்பக் கிளம்புங்கள். மழைக்காலத்தில் ஸ்டெப்னியில் காற்று இருக்கிறதா பாருங்கள். பெட்ரோலுக்கு எழுநூறு வைத்துக்கொள்ளுங்கள், டயருக்கு உங்கள் அதிர்ஷ்டம். ஃபாஸ்டேக் சரியாக வேலை செய்தால் நிற்காமல் போய்விடுவீர்கள். கண்ணாடியை மட்டும் கொஞ்சம் இறக்கி வையுங்கள். கவுண்ட்டரிலிருந்து ஒரு பெண் தலையை நீட்டி மெதுவாகப் போகச் சொன்னால், தயவுசெய்து மெதுவாகப் போங்கள். நீங்கள் கட்டிய காசுக்கு அந்தச் சாலையில் நடக்கிற பராமரிப்பு அது ஒன்றுதான்.