சம்மணம் போட நாற்பது நாள்

என் கையெழுத்தைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். ஐந்தாம் வகுப்போடு நின்றவன். டிராக்டர் ஸ்டீயரிங் பிடித்த கை பேனாவைப் பிடித்தால் கோணுகிறது. பெரிய ற வருமா சின்ன ர வருமா என்று சந்தேகம் வந்த இடங்களில் மனைவியைக் கேட்டேன். அவள் வயலுக்குப் போயிருந்த நேரத்தில் எனக்குத் தோன்றியதைப் போட்டுவிட்டேன். எங்கள் யோகா வகுப்பில் ஒரு நோட்டு இருக்கிறது. வருகிறவர்கள் தங்களுக்கு நடந்ததை அதில் எழுத வேண்டும் என்று டீச்சர் கேட்டார். மற்றவர்கள் எல்லோரும் எழுதிவிட்டார்கள். நான்தான் பாக்கி.

உத்திரமேரூர் பக்கத்துக் கிராமம் எங்களுடையது. இருபத்தைந்து வருடமாக டிராக்டர் ஓட்டுகிறேன். நடவுக்கு முன்னால் சேற்றில் சேடை ஓட்டும்போது கிளட்சை மிதித்துக்கொண்டே இருக்க வேண்டும். அதில் இடது முட்டி போய்விட்டது. போன வருடம் பங்காளி வீட்டு விசேஷத்தில் தரையில் பந்தி. சாப்பிட்டு முடித்து எல்லோரும் எழுந்துவிட்டார்கள், எனக்கு எழ வரவில்லை. இரண்டு பேர் அக்குளில் கை கொடுத்துத் தூக்கினார்கள். "சாக்கு மூட்ட மாதிரி கீறான்பா" என்று ஒருவன் சொன்னான். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அதற்குப் பிறகு எந்தப் பந்தியிலும் நான் தரையில் உட்காரவில்லை.

மார்கழி பிறந்து பத்து நாள் இருக்கும். தாமலில் வாழ்க்கைப்பட்ட என் தங்கை போன் செய்தாள்.

"ணா, பாப்பாவுக்கு தை இருபது காது குத்து. ஏரிக்கர கோயில்ல. நீ தான் மடில வெச்சிக்கணும்."

கல்யாணமாகிப் பதினோரு வருடம் கழித்து அவளுக்குப் பிறந்த குழந்தை. அந்தப் பதினோரு வருடம் அவள் என்னவெல்லாம் பேச்சு கேட்டிருப்பாள் என்று எனக்குத் தெரியும். எங்கள் அப்பா அம்மா இல்லை. பிறந்த வீடு என்று அவளுக்கு நான் ஒருவன்தான். தாய்மாமன் சம்மணம் போட்டு உட்கார்ந்து மடியில் வைத்தால்தான் காது குத்துவார்கள். நாற்காலியில் உட்கார்ந்து குத்திய வழக்கம் அந்தப் பக்கத்தில் இல்லை. நான் உட்காரவில்லை என்றால் வேறு யாராவது உட்காருவார்கள். பிறந்த வீட்டில் ஆளே இல்லாதவள் என்று ஆகிவிடும்.

"வந்துடறேம்மா" என்று சொல்லி வைத்துவிட்டேன். முட்டியைப் பற்றி வாயைத் திறக்கவில்லை. கையில் நாற்பது நாள் இருந்தது.

உத்திரமேரூரில் ஒரு ஆயுர்வேத டாக்டரிடம் போனேன். உளுந்து மாவைப் பிசைந்து முட்டியின் மேல் வளையம் போலக் கட்டி, நடுவில் வெதுவெதுப்பான எண்ணெயை ஊற்றினார். ஆறினால் எடுத்துவிட்டு மறுபடி சூடாக ஊற்றுவார். ஏழு நாள் அப்படிச் செய்தார். குடிக்கக் கஷாயம் கொடுத்தார், புளியைக் குறைக்கச் சொன்னார். வலி பாதி இறங்கியது. ஆனால் முட்டி மடங்கவில்லை.

"எண்ணெய் எளக்கித்தான் குடுக்கும். மடக்குறது நீங்கதான் மடக்கணும். உங்க ஊர்லயே காலைல யோகா நடக்குதே, போங்க" என்றார்.

போனேன். துணை சுகாதார நிலையத்துக்குப் பக்கத்து ஹாலில் நடந்தது. உள்ளே எட்டு பேர், எட்டு பேரும் பெண்கள். டீச்சர் வாலாஜாபாத்திலிருந்து ஸ்கூட்டியில் வருகிற சின்னப் பெண். வெட்கத்தில் என்னால் வாசற்படி ஏற முடியவில்லை. பக்கத்துச் சந்தில் மொபெட்டை நிறுத்தி, போன் பேசுகிறவன் போலக் காதில் வைத்துக்கொண்டு ஜன்னல் வழியாகப் பார்த்தேன். கையைத் தூக்கினார்கள், முதுகை நிமிர்த்தினார்கள், கண்ணை மூடினார்கள். மனதில் வாங்கிக்கொண்டு வந்து மாட்டுக் கொட்டகைக்குப் பின்னால் செய்வேன். பதினெட்டு நாள் இப்படி நடந்தது.

அவர்கள் எல்லோரும் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்கள். நான் உட்கார்ந்தால் முதுகு வளைந்தது, இடது முட்டி வானத்தைப் பார்த்தது. அமுக்கினால் இறங்கும் என்று நினைத்தேன். கையால் அமுக்கினேன். நாள் குறையக் குறைய இன்னும் பலமாக அமுக்கினேன். ஒரு நாள் செங்கல்லைத் துணியில் சுற்றி முட்டியின் மேல் வைத்தேன். சாயங்காலம் முட்டி வீங்கிவிட்டது.

"இன்னாயா இது, பூசணிக்கா மாதிரி கீது!" என்று மனைவி தலையில் அடித்துக்கொண்டாள். "ஒன் தங்கச்சிக்கு போன் போட்டு சொல்லிடு. வேற யாராவது ஒக்காரட்டும்."

"நீயும் சொல்லாத" என்றேன். காது குத்துக்குப் பன்னிரண்டு நாள் இருந்தது.

டாக்டர் முட்டியைத் தொட்டுப் பார்த்தார். "யார் இப்படிச் சொல்லிக் குடுத்தாங்க?"

"பாத்துப் பண்ணேன் சார்."

"எங்க பாத்தீங்க?"

"ஜன்னல்ல."

அவர் சிரிக்கவில்லை. வீக்கத்துக்குப் பற்றுப் போட்டார். ஐந்து நாள் மடக்கவே கூடாது, அதற்குப் பிறகு செய்வதானால் ஹாலுக்கு உள்ளே போய்ச் செய்ய வேண்டும், இல்லையென்றால் தன்னிடம் வரவே வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

ஆறாம் நாள் செருப்பைக் கழற்றிவிட்டு வாசலில் நின்றேன். ஒரு அம்மா என்னைப் பார்த்துவிட்டு, "டீச்சர், ஜன்னல்காரரு உள்ள வந்துட்டாரு" என்றாள்.

இன்னொருத்தி, "கரண்ட் ரீடிங் எடுக்கறவருன்னு நெனச்சினு இருந்தோம்ணா. தெனமுமா ரீடிங் எடுப்பாங்கன்னு எங்களுக்கும் டவுட்டு தான்" என்றாள்.

திரும்பிப் போகத்தான் கால் வந்தது. அப்போதுதான் அதைப் பார்த்தேன். வயதான பெண்கள் ஒருத்தரும் வெறும் தரையில் உட்காரவில்லை. ஒவ்வொருத்தருக்கும் இடுப்புக்குக் கீழே மடித்த போர்வை இருந்தது. ஒருத்திக்கு இரண்டு. ஜன்னல் கட்டை என் மார்பு உயரம். பதினெட்டு நாளும் நான் கட்டைக்கு மேலே தெரிந்ததை மட்டும் பார்த்திருக்கிறேன்.

டீச்சர் ஒரு போர்வையை மடித்துப் போட்டார். "முட்டி இடுப்புக்கு மேல நிக்குதாண்ணா? அப்ப இன்னொரு மடிப்பு. அமுக்காதீங்க. மூச்ச விடறப்ப தானா எறங்கும், எறங்குற வரைக்கும் போதும்."

இரண்டு மடிப்பில் உட்கார்ந்தேன். முட்டி அடங்கியது. மீதி இருந்த ஏழு நாளும் போனேன். மூச்சை இழுப்பதில் இல்லாமல், விடுவதில் மட்டும் மனதை வைக்கப் பழகினேன். கடைசி நாள் பத்து நிமிடம் ஆடாமல் இருந்தேன்.

தை இருபது காலையில் சீர்த் தட்டுகளோடு லோடு ஆட்டோவில் தாமலுக்குப் போனோம். மனைவி போர்வையைப் பையில் போட்டிருந்தாள். கோயிலில் நூறு பேர் இருந்தார்கள். பையை எடுக்க எனக்கு வெட்கமாக இருந்தது. போர்வையைப் போட்டு உட்காரும் மாமன் எங்கே இருக்கிறான்? ஆட்டோவிலேயே விட்டுவிட்டேன்.

"மச்சான், வாங்க ஒக்காருங்க" என்று தங்கை வீட்டுக்காரர் பாயைக் காட்டினார்.

உட்கார்ந்தேன். முட்டி தூக்கிக்கொண்டது. மொட்டை அடித்துச் சந்தனம் பூசிய பாப்பாவை மடியில் வைத்தார்கள். அவள் ஒரு பக்கமாகச் சரிந்தாள். பிடித்துக்கொண்டேன். தொடை உதற ஆரம்பித்தது.

காது குத்தும் பத்தர் கம்பியைக் கையில் எடுத்துவிட்டு நிறுத்தினார். "மாமன் மடி ஆடக் கூடாதுங்க. குத்தறப்ப ஆடிச்சின்னா காது கிழிஞ்சி பூடும்."

"இன்னா மச்சான், டிராக்டர் சீட்டு இல்லாம ஒக்கார வரலியா?" என்றார் மாப்பிள்ளை. சிரிப்புக் கிளம்பியது. அவருடைய அண்ணன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டே முன்னால் வந்தார். "நேரம் பூடுது. குடுங்க, நான் வெச்சிக்கறேன்."

கையை நீட்டிவிட்டார். தங்கை என் முட்டியைப் பார்த்தாள், பிறகு என் முகத்தைப் பார்த்தாள். அந்தக் கைக்குக் குழந்தையைக் கொடுத்துவிட்டால் எனக்கு வலி நின்றுவிடும்.

"ரெண்டு நிமிசம்" என்றேன். சத்தம் எனக்கே அதிகமாகக் கேட்டது. "ஆட்டோல பைக்குள்ள ஒரு போர்வ கீது. எட்து வாங்க. எனக்கு முட்டி போயிடிச்சி. அத மடிச்சி கீழ போட்டா தான் ஒக்கார வரும்."

ஒருவரும் அசையவில்லை. தங்கைதான் போனாள், பட்டுப்புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடினாள். மனைவி பாப்பாவை வாங்கிக்கொண்டாள். தங்கை என் பக்கத்தில் மண்டி போட்டுப் போர்வையை மடித்தாள்.

"போதுமா ணா?"

"இன்னொரு மடிப்பு."

உட்கார்ந்தேன். முட்டி இறங்கியது. பாப்பா மடியில் அமர்ந்தாள். பத்தர் குனிந்தார். நான் கம்பியைப் பார்க்கவில்லை, மூச்சை விட்டேன். ஒரு காது. அவள் வீறிட்டாள், என் சட்டையைப் பிடித்துக்கொண்டு முறுக்கினாள். மறுபடியும் மூச்சை விட்டேன். இரண்டாவது காது. மடி ஆடவில்லை.

முடிந்த பிறகு எழ முடியவில்லை. அக்குளில் கை வருவதற்கு முன்னால் நானே கையை நீட்டினேன். "மாப்ள, கொஞ்சம் கை குடுங்க." கொடுத்தார். பந்திக்குப் போகும்போது, அவர் அம்மாவுக்கும் முட்டி வலி என்று சொன்னார். நான் பார்த்த வைத்தியத்தைச் சொன்னதும், அந்த எண்ணெய்க்கு என்ன பெயர் என்று கேட்டார்.

முட்டி இன்னும் முழுதாகச் சரியாகவில்லை. சேடை ஓட்டிய மறுநாள் வலிக்கிறது. எண்ணெய் போடுகிறேன், காலையில் ஹாலுக்குள் போகிறேன். இப்போது ஒரு மடிப்பு போதும்.

ஆடி 3, ஞாயிற்றுக்கிழமை.