ஆமாம் என்று ஆடும் தலை

ஜெர்மனிக்கு வந்த புதிதில் எங்கள் தெரு ரொட்டிக்கடைப் பெண் மீது எனக்கு ஒரு மனத்தாங்கல். ஒரு ரொட்டியைத் தொட்டுக் காட்டி "இதுவா?" என்பாள். தலையாட்டுவேன். உடனே அதை விட்டுவிட்டு அடுத்ததைத் தொடுவாள். ஆமாம் என்பதற்கு அவர்கள் சொல்லும் "யா"வை வாய் திறந்து சொன்னால்தான் பையில் போடுவாள். என்ன திமிர் பார் என்று முணுமுணுத்துக்கொண்டே வீடு திரும்புவேன். மதுரையில், கோச்சடையில் எங்கள் மளிகைக்கடை அண்ணன் "அரைக் கிலோ போடவாம்மா?" என்று கேட்டால், தலையைப் பக்கவாட்டில் லேசாகச் சாய்த்து ஆட்டினால் போதும், பொட்டலம் கைக்கு வந்துவிடும்.

அந்தத் 'திமிர்' எனக்குப் புரிய, வேறொரு காலைப்பொழுது வரவேண்டியிருந்தது. மகள் கயல் இங்கேயே பிறந்தவள். பள்ளியில் சேர்க்கும் முன் ஓர் உளவியலாளர் அவளைச் சோதித்தார். படங்களைக் காட்டி, "இது பறக்குமா? இதைச் சாப்பிடலாமா?" என்று கேட்டார். புது முகத்தைக் கண்டால் கயலுக்கு வாய் பூட்டிக்கொள்ளும். எல்லாவற்றுக்கும் தலையால்தான் பதில். பின்னால் உட்கார்ந்திருந்த எனக்கோ பெருமை தாங்கவில்லை. முடிந்ததும் உளவியலாளர் குரலைத் தாழ்த்தினார். "பறவை பறக்காது என்கிறாள். ஆப்பிளைச் சாப்பிட முடியாது என்கிறாள். கேள்வியே புரியவில்லை போலிருக்கிறது. இந்த வருடம் பள்ளி வேண்டாமே."

கூட விளையாடுகிற பிள்ளைகள் எல்லாம் பள்ளிக்குப் போக, இவள் மட்டும் வீட்டிலா?

"நான் சொல்வது புரிகிறதா?" என்றார். தலையாட்டினேன். அவர் முதலிலிருந்து, இன்னும் மெதுவாக விளக்கினார். "இப்போது?" மறுபடி ஆட்டினேன். மூன்றாம் முறை ஆரம்பித்தவர் பாதியில் நிறுத்தி, என் தலையைப் பார்த்தார், கயலின் தலையைப் பார்த்தார். "இது... ஆமாம் என்று அர்த்தமா?" அம்மாவும் மகளும் சேர்ந்தே ஆட்டினோம். அவர் முகம் சிவந்து, பிறகு விழுந்து விழுந்து சிரித்தார். அவர்கள் ஊரில் தலை பக்கவாட்டில் ஆடினால் 'இல்லை' என்று அர்த்தமாம். அன்றே மறுபடி சோதித்தார். பள்ளியில் இடம் கிடைத்தது.

சரி, இதை இவளுக்கு யார் சொல்லிக்கொடுத்தது? சத்தியமாக நான் இல்லை. "பாடம் கேட்டுப் படிப்பதைவிட, நம்புகிற முகத்தைப் பார்த்துக் குழந்தை பழகுவதுதான் அதிகம்" என்றார் உளவியலாளர். ஆனால் இத்தனை ஜெர்மன் முகங்களுக்கு நடுவே அவள் எந்த முகத்தைத் தன்னுடையதென்று எடுத்துக்கொண்டாள்? மதுரைக் கல்லூரியில் நான் அரைகுறையாகப் படித்த மானிடவியல் அப்போதுதான் கைகொடுத்தது. ஞாயிறுதோறும் வாடிப்பட்டியிலிருந்து என் தம்பி வீடியோவில் வருவான். "மாமா தோப்புக்கு வாரியாடா தங்கம்?" என்று அவன் தலையாட்ட, பின்னால் நிற்கும் பிள்ளைகள் வரைக்கும் எல்லாத் தலைகளும் ஆடும். இங்கே இவள் தலையும் ஆடும். உளவியல் குழந்தையின் தலைக்குள் பார்க்கிறது. மானிடவியல் அந்தத் தலை எந்தத் தலைகளுக்கு நடுவே வளர்ந்தது என்று பார்க்கிறது. ஒன்றை மட்டும் பார்த்ததில்தான் என் பிள்ளைக்கு ஒரு வருடம் வீணாகப் போக இருந்தது.

அதன்பின் நாங்கள் இருவரும் கண்ணாடி முன் நின்று, தலையை மேலும் கீழும் ஆட்டப் பழகினோம். எனக்குக் கழுத்து வலித்ததுதான் மிச்சம். அவளுக்கோ சீக்கிரமே வந்துவிட்டது. ரொட்டிக்கடைப் பெண்ணும் நானும் இப்போது நல்ல சிநேகம்.

இந்தக் கோடையில் வாடிப்பட்டி போயிருந்தோம். தோப்பில் இளநீர் சீவிக்கொண்டே தம்பி கயலை வம்புக்கு இழுத்தான்.

"ஏத்தா, படிச்சு முடிச்சு அங்கனயே இருந்துருவியா?"

கயல் மேலும் கீழும் ஆட்டினாள்.

"அப்ப மாமாகூட வந்து இருக்கியா?"

பக்கவாட்டில் ஆட்டினாள்.

"ஆத்தாடி, ரெண்டுக்கும் ஆமாவா!" தம்பிக்குச் சிரிப்புத் தாளவில்லை. அப்படியே என் பக்கம் திரும்பினான். "அக்கா, நீ என்ன சொல்றே? அங்கனயா, இங்கனயா?"

நல்லவேளை, வாய் நிறைய இளநீர் இருந்தது. கயல் என் தலையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அது எந்தப் பக்கமும் அசையவில்லை.