பனியில் விழுந்த சிவப்பு

முதலில் தெரிந்தது என் உடம்பில் இல்லை. ஓர் அட்டையில்.

பாளையங்கோட்டையில் ஒரு துரைசானியம்மாளுக்கு மரத்தில் அச்சு வெட்டிக் கொடுத்தேன். சீமைக்கு அனுப்பும் கிறிஸ்மஸ் வாழ்த்து அட்டைகள். கப்பலுக்கு நாள் வேண்டும் என்று ஐப்பசியிலேயே முடிக்கச் சொல்வார்கள். பனி மூடிய கோயில், ஒரு மரம், மார்பு சிவந்த குருவி. அந்தப் பனியை நான் கண்டதில்லை. அதற்கு மை கிடையாது. கட்டையில் அந்த இடத்தைக் குடைந்து எடுத்துவிட்டால் அட்டையில் வெள்ளையாக நிற்கும். குருவிக்கு மட்டும் சிவப்பு மை.

ஒருநாள் வீட்டில் குருவி அச்சின் ஓரத்தைச் சீவிவிட்டு அட்டையில் ஒற்றினேன். பனியில் சிவப்பு சொட்டியிருந்தது. மை ஒழுகுகிறது என்று துடைத்தேன். அடுத்த அட்டையிலும் அப்படியே. என் மனைவி பாக்கியத்தைச் சத்தம் போட்டேன்.

"ஏட்டி, மைப்புட்டியத் தட்டி விட்டியா?"

"மூடி போட்டுல்லா இருக்கு. ஐயோ, ஒங்க வெரலப் பாருங்க!"

இடது கைச் சுண்டுவிரலில் உளி எலும்புவரை இறங்கியிருந்தது. வலிக்கவில்லை.

அதே கையில் ஒரு வருடமாகத் தேமல் (தோல் வெளுத்த திட்டு) இருந்தது. வெயிலால் வந்தது என்று விட்டுவிட்டேன். அது என் தப்பு. நீங்கள் அப்படி விடாதீர்கள்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் ஒரு கோழி இறகை எடுத்தார். "கண்ண மூடும்வே. தொட்டதும் சொல்லணும்."

மூடினேன். காத்திருந்தேன்.

"எப்ப ஐயா தொடப் போறிய?"

"நாலு தடவ தொட்டாச்சுவே."

பெருவியாதி (குஷ்டம்) என்றார். தனிப் படுக்கை, தனித் தட்டு, யாரையும் தொடக்கூடாது என்றார்.

துரைசானியிடம் நானே போய்ச் சொன்னேன். அட்டைகளை எரித்துவிடச் சொன்னார்கள். செய்து வைத்த அறுபது அட்டைகளையும் நானே அடுப்படிக்குப் பின்னால் கொண்டுபோய் எரித்தேன். வேலை நின்றது.

பாக்கியத்தை அழைத்துப்போக அவள் அண்ணன் அம்பாசமுத்திரத்திலிருந்து வண்டி கட்டிக்கொண்டு வந்தார். எனக்கு அதுதான் பயம். விரல் போனாலும் பிழைத்துக் கிடக்கலாம். அவள் போனால் முடியாது.

"துணியக் கட்டு, ஏட்டி. இங்கன கெடந்தா ஒனக்கும் வரும்," என்றார் அண்ணன்.

"வந்தா ரெண்டு பேருக்கும் ஒரே சட்டியில மருந்து காய்ச்சிருதேன். நீ சாப்பிட்டுட்டுப் பையப் போ, அண்ணே."

அவர் சாப்பிடாமல் போனார்.

மருந்து நீரடிமுத்து எண்ணெய் (ஒரு மரத்தின் விதையில் ஆட்டுவது). குடித்தால் பாதி நாள் வாந்தி. நிறுத்திவிடலாம் என்று பல தடவை நினைத்தேன். அவள் எட்ட நின்று, நான் விழுங்கும்வரை பார்ப்பாள். நான் ஆற்றுப் படித்துறைக்குப் போவதை விட்டேன். கிணற்றடியில் எனக்கென்று ஒரு வாளி. இரண்டு மார்கழி போயிற்று.

போன மாதம் டாக்டர் மறுபடி இறகை எடுத்தார். "நின்னுட்டுவே. இனிப் பரவாது. வீட்டுக்காரியத் தொடலாம். ஆனா ரெண்டு வெரலுக்கு உணர்ச்சி திரும்பாது."

இப்போது சொந்தமாக அட்டை செய்கிறேன். முன்பு ஒரு நாளில் வெட்டிய கட்டைக்கு இன்று நாலு நாள். உளி வைக்குமுன் ஒவ்வொரு தடவையும் இடது கை எங்கே இருக்கிறது என்று பார்க்க வேண்டும். மற்றவர்களுக்குக் கை தானாக இருக்கிறது. எனக்குப் பார்த்தால்தான் இருக்கிறது.

தொடலாம் என்று டாக்டர் சொன்ன அன்று சாயங்காலம் வாசலில் உட்கார்ந்து தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பாக்கியம் வந்து பக்கத்தில் இருந்தாள்.

"எவ்வளவு நேரமாப் புடிச்சிட்டிருக்கேன். ஒரு வார்த்த பேசுதியளா?"

குனிந்தேன். என் இரண்டு விரல்களும் அவள் கைக்குள் இருந்தன.

அப்புறம் தெருவைப் பார்க்கவில்லை. அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.